இடைவேளையைத் தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமை

வீட்டில் மற்றவர்கள் விளம்பரம் வந்தால் எழுந்து போவார்கள். தொடர் மறுபடி ஆரம்பித்ததும் நான் எழுந்து போவேன். வேலையை விட்டு வந்த பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எந்தக் கடை எந்த நேரத்தில் வருகிறது, எதை ஒட்டி எது வருகிறது, போன தீபாவளிக்கு எடுத்த விளம்பரப் படத்தையே ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள் என்று கண் தானாகத் தேடிக்கொண்டிருக்கும். "அந்த ரிமோட்ட வச்சிட்டு ஒரு எடத்துல உக்காரு ஜெயராணி" என்பார் என் கணவர். துறைமுகத்தில் அலுவலக வேலை பார்த்தவர். ஓய்வு என்றால் உட்காருவது என்று நம்புகிறவர். எனக்கு உட்கார வராது. தூத்துக்குடி வெயிலில் மாடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனத்தில் தென் மாவட்டங்களுக்கு மார்க்கெட்டிங் பார்த்தவள் நான். சமீபத்தில் என் இடத்துக்கு வந்தவர் அழைத்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பேசச் சொன்னார். இப்போது விளம்பரம் ஆளைத் தேடிக் கைப்பேசிக்கே போகிறது. நாங்கள் வீடு முழுவதையும் ஒரே பெட்டிக்கு முன் உட்கார வைத்துத் தொழில் செய்தவர்கள். ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க பெஸ்ட் வொர்க் எது?" என்று கேட்டாள். பேக்கரிக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மனம் நிலைகொள்ளவில்லை. அவள் கேட்டதற்கு நான் சொன்னது பதில் இல்லை. பதிலை இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பேக்கரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். நான் மட்டும் வகுப்பறையில் நிற்க முடியாமல் சென்னைக்குப் போய் இந்த வேலையில் சேர்ந்தேன். பயிற்சியில் சொன்னதில் ஒன்றுதான் மனதில் நின்றது: நாம் விற்பது நிகழ்ச்சியை அல்ல, அதன் முன் உட்கார்ந்திருக்கும் ஆட்களை. அதை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் இறங்கினேன்.

நான் முதலில் ஏறிய கடை தங்கராஜ் அண்ணாச்சியின் பேக்கரி. என்னைப் பார்த்ததும், "ஏம்மா, டீச்சர் மாதிரி இருக்கிய. ஸ்கூலுக்கு நன்கொடையா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. டிவி விளம்பரம்."

"என் மக்ரூன் வாயில போட்டாத்தாம்மா கரையும். டிவியில போட்டா கரையுமா?"

கரையும் என்று அவரை நம்ப வைக்க ஒரு மாதம் நடந்தேன். கடைசியில் சம்மதித்தார். விளம்பரம் வந்த முதல் நாள், ஓடிக்கொண்டிருந்த தொடரில் வீட்டின் மூத்த அம்மாள் இறந்துபோனாள். உடலை நடுவீட்டில் கிடத்திப் பெண்கள் விழுந்து அழுகிறார்கள். சட்டென்று வெட்டி, 'வீட்டில் விசேஷமா? வாயில் போட்டதும் கரையும்!' என்று எங்கள் மக்ரூன் வந்தது. அடுத்த நிமிஷம் அண்ணாச்சியின் போன்.

"சாவு வீட்டுல போய் மக்ரூன் விக்கச் சொல்லுதீயளா? தெருவுல போறவன்லாம் நின்னு சிரிக்கான்!"

அன்றிலிருந்து எனக்கு ஒரு நடைமுறை உண்டானது. தினமும் மதியம் சென்னைக்கு நிகழ்ச்சிப் பிரிவுக்குப் போன் போட்டு அன்றைய கதையைக் கேட்டுக்கொள்வேன். "இன்னைக்கு யார் சாகுறாங்க? கல்யாணம் நடக்குமா, நிக்குமா?" கேட்ட பிறகே எந்த விளம்பரத்தை எங்கே வைப்பது என்று எழுதி அனுப்புவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னை விட்டுத் தள்ளி உட்காருவார்கள்.

என் மேலதிகாரி வேணுகோபால் சார் சென்னையில் இருந்தார். மார்க்கெட்டிங் பிரிவுக்கே தலைவர். கூட்டங்களில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு அறையின் பின்பக்கம் நின்றுகொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்ப்பார். சத்தம் இல்லாமலும் கண்ணை இழுப்பதுதான் விற்கும் என்பது அவர் கணக்கு. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து நான்காக மடிப்பார். மடித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வழிக்கு வந்துவிடவேண்டும். புதிதாக எது கொண்டுபோனாலும் ஒரே கேள்வி: "பார்க்கிறவங்க பார்த்து முடிச்சிட்டு எழுந்து என்ன செய்வாங்க?" கடைக்குப் போவார்களா, போன் எடுப்பார்களா, பக்கத்து வீட்டில் சொல்வார்களா? ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றால் அந்தக் காகிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒரு நிகழ்ச்சிக்கு முன்னோட்டம் எழுதிக்கொண்டு போனால் வாசிக்கச் சொல்வார். பிறகு ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்வார். "நிக்குதா?" நிற்கிறது சார். இன்னொன்றை அடிப்பார். "இப்போ?" எந்த வார்த்தையை எடுத்தால் மொத்தமும் சரிந்து விழுகிறதோ அதை மட்டும் திரும்ப வைப்பார். அவரிடம் நான் பயந்தேன், கற்றேன். பல நாள் வெறுத்தும் இருக்கிறேன்.

அப்போது தம்பதிகளுக்கான ஒரு விளையாட்டு நிகழ்ச்சி ஞாயிறு மாலைகளில் ஓடியது. கடலோர ஊர்களின் தம்பதிகளை வைத்து ஒரு சுற்றை தூத்துக்குடியில் எடுக்கலாம் என்பது என் யோசனை. ஒரு கல்லூரி அரங்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. வென்றவர்கள் ஆலந்தலையிலிருந்து வந்த ஜெரால்டும் ஸ்டெல்லாவும். ஜெரால்டு கேரளப் பக்கத்து விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர். கண்ணைக் கட்டிவிட்டு வரிசையாக நிற்கும் பெண்களில் தன் மனைவியைக் கையைத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கடைசிச் சுற்று. அவர் யாரையும் தொடாமல் நடந்து போய் ஸ்டெல்லாவுக்கு முன் நின்றுவிட்டார்.

"எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்றார் தொகுப்பாளினி.

"இவ மட்டுந்தான் மேடம் சிரிப்ப அடக்கிட்டு நின்னா. அந்தச் சத்தம் தெரியும்லா."

"அவ்வளவு அன்பா! கடல்ல இருக்கும்போது எப்பவும் இவங்க நினைப்புதானா?"

"கடல்ல வேலை நெனப்புதான் மேடம். கரை கண்ணுக்குத் தெரிஞ்ச பொறவுதான் இவ நெனப்பு."

அரங்கம் அதிர்ந்தது. ஸ்டெல்லா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். பரிசு ஒரு ஃப்ரிட்ஜ். ஒளிபரப்பு முடிந்த பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஒளிபரப்புக்கு முன் புயல் வந்தது. மேற்குக் கடலில் தங்கியிருந்த படகுகள் பல திரும்பவில்லை. ஜெரால்டு போன படகும் அதில் ஒன்று. ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். எங்கள் செய்திப் பிரிவு அதையெல்லாம் காட்டியது. அப்போது வேணுகோபால் சாரின் போன் வந்தது.

"ஜெயராணி, ஜெயிச்ச அந்த ஆள் காணாமப் போனவங்க லிஸ்ட்ல இருக்காராம். நிகழ்ச்சிப் பிரிவுல ஒரு முன்னோட்டம் வெட்டி ஒட்டிட்டாங்க. உங்களுக்கு அனுப்பறேன். அந்தம்மா சம்மதம் வேணும். நீங்களே நேர்ல போங்க."

கைப்பேசியில் பார்த்தேன். அவர் தோளில் விழுந்த அந்த அடியை மெதுவாக்கி, சோக இசை சேர்த்து, மேலே எழுத்து ஓடியது: 'கடலோடு கலந்த காதல். இவர்களின் கடைசிச் சிரிப்பு. இந்த ஞாயிறு மாலை.' நன்றாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். என் கண்ணிலும் நீர் வந்தது. அதனால்தான் அதை மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆலந்தலைக்குத் திருச்செந்தூர் போய்ப் போகவேண்டும். அந்த ஊர் மாதா கோயிலுக்கு முன் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் இருந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "ஃப்ரிட்ஜ் விஷயமா வந்தீயளா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா சுவர் ஓரம் சார்ஜரில் போட்ட கைப்பேசியைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை என் காதில் வைத்தாள். ஜெரால்டின் எண் கேரள எண். பதிவுசெய்த ஒரு பெண்குரல் மலையாளத்தில் எதையோ சொல்லிவிட்டு நின்றது.

"ஆளு இல்லன்னு சொல்லலல்லா அக்கா?"

"இல்லம்மா. போன் அணைஞ்சிருக்குன்னு சொல்லுது."

"அதான். அணைஞ்சிதான் இருக்கு."

முன்னோட்டத்தைக் காட்டாமல் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் என் கையிலிருக்கும் கைப்பேசியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டினேன். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

"நல்லாத்தான் சிரிக்காவ," என்றாள். பிறகு, "கடைசின்னு ஆருக்கா சொன்னா?" என்றாள்.

கைப்பேசியை அணைத்து மடியில் வைத்தேன்.

"கலெக்டர் சொன்னாரா? கோயில் சாமியார் சொன்னாரா? ஒருத்தரும் சொல்லல. ஒங்க டிவி மட்டும் எப்பிடிச் சொல்லும்?"

"போட வேண்டாம்னு சொல்லிடுதேன் ஸ்டெல்லா. நீ சம்மதிக்கலன்னா போட மாட்டாங்க."

அவள் யோசித்தாள். "ஒங்க டிவி எங்கெங்க தெரியும்? கொச்சியில தெரியுமா? அங்கிட்டு மேல, ரத்னகிரி, குஜராத்து?"

"தமிழ் ஆளுங்க எங்க இருந்தாலும் டிஷ் வச்சிருந்தா தெரியும்."

"அப்ப போடுங்க. அந்த வார்த்தைய எடுத்துட்டுப் போடுங்க. கீழ ஒரு வரி ஓடும்லா, சோப்பு விக்கதுக்கு, அதுல இவியளப் பாத்தவிய இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு எழுதுங்க. ஏதாவது ஆசுபத்திரியில கெடந்தாவன்னா ஆராவது பாப்பாவல்லா?"

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. கடற்கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் பக்கத்தில் நின்று சென்னைக்குப் பேசினேன்.

"அந்த முன்னோட்டத்துக்கு அந்த வார்த்தைதான் உயிர், ஜெயராணி," என்றார் சார்.

"எடுத்துட்டு வாசிச்சுப் பார்த்தேன் சார். நிக்குது."

மறுமுனையில் கைக்குட்டை மடிகிறது என்று புரிந்தது. திரைக்குக் கீழே ஓடும் அடிவரியைக் கேட்டேன். அது சோப்புக் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

"பார்த்து முடிச்சிட்டு என்ன செய்வாங்கன்னு கேப்பீங்களே சார். இப்படியே போட்டா அழுதுட்டுச் சாப்பிடப் போவாங்க. நம்பர் போட்டா போன் எடுப்பாங்க."

சார் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சொன்னதை அப்படியே எழுதி உங்க பேர்ல மெயில் அனுப்புங்க. சோப்புக் கம்பெனிகிட்ட நான் பேசறேன். ரேட்டிங் விழுந்தா அந்த மெயிலைத்தான் மேல காட்டுவேன். தெரியுதா?"

"தெரியுது சார்."

மிரட்டலை மறைக்காமல் சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தது. அங்கேயே நின்று மெயில் எழுதினேன்.

ஞாயிறு ஒளிபரப்பு முடிவதற்குள் என் கைப்பேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடிவரியில் கொடுத்தது என் எண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பார்த்தேன் என்றார் ஒருவர். ஒருவர் ஜாதகம் கேட்டார். ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்தாள். நான் சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் கடைகளில் ரேட் பேசும்போதும் அது அடித்துக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து, கேரளக் கடற்கரையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து மார்த்தாண்டம் பக்கத்து நர்ஸ் ஒருத்தி பேசினாள். கப்பல்காரர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்ட ஒரு நோயாளி, காய்ச்சலில் பேர் ஊர் சொல்ல முடியாமல் கிடந்தாராம். வார்டு டிவியில் எங்கள் நிகழ்ச்சி ஓடியபோது எழுந்து உட்கார்ந்து, ஜெரால்டு ஜெரால்டு என்று கத்தினாராம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து இன்றுதான் தன் பெயர் சூசை என்று சொன்னாராம்.

சூசை அதே படகில் போனவர். அவருடைய வீட்டில் அவருக்காக இறந்தவர்களுக்கான பூசையே வைத்துவிட்டார்கள். அவருடைய அண்ணனும் ஸ்டெல்லாவும் நானும் ஒரு வேனில் போனோம். வழி முழுவதும் ஸ்டெல்லா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முன்னால் குனிந்தே இருந்தாள், அவள் தள்ளினால் வண்டி வேகமாகப் போகும் என்பதுபோல.

சூசை அவளைப் பார்த்ததும் கும்பிட்டார். படகு உடைந்ததும் இருவரும் ஒரு ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள்.

"விடிஞ்சு பாக்கேன் மயினி, பக்கத்துல இல்ல. எப்பம் விட்டான்னு தெரியல. நான் தூங்கிட்டேன் போல மயினி."

ஸ்டெல்லா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முன்ன ஏதாவது பேசுனாவளா?"

சூசை தயங்கினார். "வலையப் பத்தித்தான் பேசுனான். அடுத்த தடவ இன்னும் தெக்கால போடணும்னு."

அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு ஒன்றாக மாறியது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

செய்தி சென்னைக்குப் போனதும் சார் கூப்பிட்டார். நேரலையில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி, ஸ்டெல்லா கலந்துகொள்ள வேண்டும். நான் முடியாது என்று சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "நேரலைன்னா நம்ம பேசுததுல எதையும் வெட்ட மாட்டாவல்லா?"

ஜவுளிக்கடைப் பை ஒன்றோடு என்னுடன் ரயிலேறினாள்.

அந்த ஞாயிறு நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். சுவர் நிறைய டிவிகள். இடைவேளை எப்போது, எந்த விளம்பரம் முதலில் என்ற அட்டவணை என் மடியில். சார் வழக்கம்போலப் பின்னால் நின்றுகொண்டு, தன் பக்கத்து டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தார். தொகுப்பாளினி மெதுவான குரலில், "சூசை அண்ணன் அதைச் சொன்னபோது உங்க மனசு..." என்று தொடங்கினார்.

"அது கெடக்கட்டும் மேடம்," என்றாள் ஸ்டெல்லா. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புகைப்படத்தை எடுத்து கேமராவுக்கு நேராக நீட்டினாள். "இவிய பேரு லூர்து. மணப்பாடு. இன்னும் வரல." அடுத்த படம். "இது ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அவங்க அம்மைக்கு வேற பிள்ள கெடையாது." அடுத்தது. கடற்கரை ஊர்ப் பெண்கள் மனு கொடுப்பதற்காக வைத்திருந்த படங்கள். அத்தனையையும் வாங்கி வந்திருந்தாள். அழவில்லை. பேர், ஊர், படகு. அடுத்த படம்.

"சார், பிரேக் வந்தாச்சு," என்றார் இயக்குநர்.

சார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், பிரேக்."

"எனக்கும் தெரியும்," என்றார் சார். "அந்தம்மா முடிக்கட்டும்."

என் மடியில் இருந்த அட்டவணை அந்த நிமிஷமே செல்லாததாகிவிட்டது. தவறிப்போன விளம்பரங்களுக்காக அதன் பிறகு ஒரு மாதம் நான் கடை கடையாக ஏறிச் சமாதானம் சொன்னேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு சானலுக்குப் போனார்கள். தங்கராஜ் அண்ணாச்சி மட்டும், "அந்தப் பிள்ள பேசும்போது நடுவுல என் மக்ரூன் வந்திருந்தா நானே ஒங்கள அடிக்க வந்திருப்பேன்" என்றார்.

நிகழ்ச்சி முடிந்து ஸ்டெல்லா வெளியே வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, எல்லா மொகமும் தெரிஞ்சிச்சா? அதுல ஜெனிஸ்னு ஒரு பையன் படம் புது பிளாஸ்டிக். வெளிச்சம் பட்டுப் பளபளன்னு இருந்துச்சு, எனக்கே கண்ணு கூசிச்சு. அவன் தெரிஞ்சானா?"

தெரியவில்லை. எங்கள் டிவிகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம்தான் இருந்தது. தெரிந்தது என்று சொல்லிவிட்டால் அவள் கொஞ்சம் உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள்.

"தெரியல ஸ்டெல்லா," என்றேன். "அந்த ஒண்ணு மட்டும் தெரியல."

"அப்ப திரும்பக் காட்டணும்." அவள் அரங்கத்துக்குள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். உள்ளே வேறு நிகழ்ச்சிக்கான மேடையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் எதிரில் வந்து கையை நீட்டினார். படத்தை வாங்கி, உறையைக் கிழித்து எடுத்து, விளக்குக்கு அடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அதோடு செய்திப் பிரிவுக்கு நடந்தார். அன்று இரவுச் செய்தியில் ஜெனிஸின் முகம் தனியாக, திரை முழுக்க, பேரோடும் ஊரோடும் வந்தது. ஸ்டெல்லா நின்றுகொண்டே அதைப் பார்த்தாள்.

அந்தப் படங்களில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. என் எண்ணுக்கு வந்த அழைப்புகள் குறைந்து, நின்றும்போயின. சூசை ஒருவர்தான். ஒரு ஆளைத்தான் என் இத்தனை வருட வேலை கரைக்குக் கொண்டுவந்தது, அதுவும் நாங்கள் தேடிய ஆள் இல்லை. என் பெஸ்ட் வொர்க் எது என்று அந்தப் புதுப் பெண் கேட்ட கேள்விக்கு இதைப் பதிலாகச் சொல்லலாமா என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அந்த நேரலைக்கு மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கி, ஸ்டெல்லாவை ஆலந்தலை வரை கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவை விட்டு இறங்கும் முன்பே ஜெனிஸின் அம்மா எதிரில் ஓடி வந்தார். வீட்டில் இருந்தால் பார்த்துவிடுவோமோ என்று பயந்து, முந்தின நாள் முழுவதும் டிவி பக்கமே போகாமல் கோயிலில் இருந்தாராம்.

"ஏளா ஸ்டெல்லா, என் புள்ள மொகம் நல்லா தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு சித்தி," என்றாள் ஸ்டெல்லா. "எல்லாரையும்விட அவந்தான் பெருசாத் தெரிஞ்சான்."